பீர் பாட்டில் தூக்கும் அதன் வெட்டுப்படிவமும்: அமெரிக்கத் தோல் கைவினை வணிகத்தின் ஒரு கிளை வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தோல் கைவினையைப் பொழுதுபோக்காகவோ சிறுதொழிலாகவோ மேற்கொண்டிருப்பவர்களிடையே, ஆறு பீர் பாட்டில்களை ஒருசேர வைத்து எடுத்துச் செல்லும் தோல் தூக்கு இன்று நன்கு அறிமுகமான பொருளாகும். இதைச் செய்து விற்பவர்களைப் போலவே இதைச் செய்வதற்கான வெட்டுப்படிவத்தை மட்டும் வரைந்து விற்பவர்களும் உள்ளனர். வெட்டுப்படிவம் என்பது, தோலில் வெட்ட வேண்டிய ஒவ்வோர் உறுப்பையும் அதன் உண்மை அளவிலேயே காட்டி, தையல் துளைகளும் ரிவெட் துளைகளும் மடிப்புக் கோடுகளும் எங்கெங்கே அமைய வேண்டும் என்பதைக் குறித்துத் தரும் தாளாகும். தையற்கடைகளிலும் காலணிப் பட்டறைகளிலும் பேட்டர்ன் என்று வழங்குவது இதுவே. செம்பு ரிவெட்டுகளும் தடித்த தேன்நிறத் தோலும் கொண்ட இந்தத் தூக்கைப் பார்ப்பவர்கள், குதிரைச் சேணம் செய்த பழைய கைவினைஞர்களின் பட்டறையிலிருந்து நேராக இறங்கிவந்த பொருள் இது என்று எண்ணுவது இயல்பு. விற்பனை விளம்பரங்களும் அந்த எண்ணத்தையே வளர்க்கின்றன. ஆனால் வரலாற்றை நோக்கினால், சேணக்காரர் எவரும் இத்தகைய தூக்கைப் பரவலாகச் செய்ததற்கோ, தம் வெட்டுப்படிவங்களைப் பிறருக்கு விற்றுப் பிழைத்ததற்கோ இடமே இருக்கவில்லை என்பது தெளிவாகும். ஒரே அளவான பாட்டிலை இயந்திரம் கோடிக்கணக்கில் வார்க்கத் தொடங்கியதும், தோல் வேலை பிழைப்பிலிருந்து பொழுதுபோக்காக இடம்பெயர்ந்ததும், படிவத் தாள் தனிச்சரக்காக விலைபோகத் தொடங்கியதும் என்ற மூன்று இருபதாம் நூற்றாண்டு மாற்றங்கள் ஒன்றுசேர்ந்த பிறகே இப்பொருள் தோன்ற முடிந்தது.

தோலுக்கும் பீருக்கும் இருந்த பழைய உறவு வேறுவகையானது. இடைக்கால இங்கிலாந்தில் தோலே பீரைத் தாங்கும் கலமாக இருந்தது. தாவரப் பட்டைச் சாற்றில் பதனிட்ட தடித்த மாட்டுத்தோலை நனைத்து, அச்சின்மீது இழுத்து வடிவம் கொடுத்து, இரட்டைத் தையலிட்டு, உட்புறம் கீல் பூசிச் செய்த குடுவைகளும் கைப்பிடிக் குவளைகளும் விடுதிகளிலும் கப்பல்களிலும் வயல்வெளிகளிலும் புழங்கின. அக்குவளைகளுக்குப் பிளாக் ஜாக் என்று பெயர், அவற்றின் பெரிய வகைக்குப் பாம்பார்டு என்று பெயர். இலண்டனில் தோல் குடுவை செய்வோருக்கெனத் தனித் தொழிற்குழு இருந்து, அது 1476இல் கொம்புப் பொருள் செய்வோரின் குழுவுடன் இணைந்தது. 1545இல் மூழ்கி 1982இல் மேலே கொண்டுவரப்பட்ட மேரி ரோஸ் என்னும் போர்க்கப்பலில் கிடைத்த பொருள்களிலும் தோல் குடுவைகள் உள்ளன. பதினேழாம் நூற்றாண்டில் நிலக்கரி உலைகளில் தடித்த வலுவான கண்ணாடிப் பாட்டில்களைச் செய்யும் முறை இங்கிலாந்தில் நிலைபெற்ற பிறகு தோல் குடுவையின் இடம் சிறுகச் சிறுகக் குறைந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது பழம்பொருள் சேகரிப்பாளரின் அக்கறைக்குரியதாகிவிட்டது. ஆலிவர் பேக்கர் 1921இல் இக்கலங்களைப் பற்றித் தனி நூல் எழுதியபோது அவர் விவரித்தது ஏறக்குறைய மறைந்துபோன ஒரு தொழிலையே. எனவே இன்றைய தூக்கை அக்குடுவையின் வழித்தோன்றல் என்று கொள்வதற்கில்லை. கீல் பூசி நீர் கசியாமல் தைக்கும் அந்தத் திறன் தொடர்ச்சியாக இந்தத் தலைமுறைவரை வந்து சேரவில்லை.

தூக்கு தோன்றுவதற்கு முதல் நிபந்தனையாக அமைந்தது பாட்டில்கள் எல்லாம் ஒரே அளவில் இருத்தல். வாயால் ஊதிச் செய்த காலத்தில் ஒரே பட்டறையின் இரு பாட்டில்கள்கூட விட்டத்திலும் உயரத்திலும் வேறுபட்டன; அவற்றின் வாயை அடைக்கத் தக்கையே ஏற்றதாக இருந்தது. பால்டிமோர் நகரத்தைச் சேர்ந்த வில்லியம் பெயின்டர் 1892இல் உரிமம் பெற்ற கிரௌன் கார்க் என்னும் நெளிவிளிம்புத் தகர மூடி, வாய் துல்லியமாக ஒரே அளவில் இருந்தாலன்றி இறுகப் பிடிக்காதாகையால், பாட்டில் கழுத்தைத் தரப்படுத்தும் கட்டாயத்தை உண்டாக்கியது. ஓகையோ மாநிலத்து டொலிடோ நகரில் மைக்கேல் ஓவன்ஸ் 1903 வாக்கில் இயங்கச் செய்த தானியங்கிப் பாட்டில் இயந்திரம் முழு உடலையும் தரப்படுத்தியது. இதன் தொலைவிளைவாகவே, அமெரிக்காவில் இன்று நீள்கழுத்துப் பாட்டில் என்று அறியப்படும் 12 அவுன்சு, அதாவது 355 மில்லிலிட்டர் பாட்டில், எந்த மதுவாலையிலிருந்து வந்தாலும் பெரும்பாலும் 61 மில்லிமீட்டர் விட்டமும் 229 மில்லிமீட்டர் உயரமும் உடையதாக இருக்கிறது. டெக்சாசில் வரைந்த படிவத்தை வாங்கி மெய்ன் மாநிலத்தில் ஒருவர் தோல் வெட்ட முடிவதற்கு இந்த 61 மில்லிமீட்டரே ஆதாரம். பாட்டில் ஊருக்கு ஊர் மாறியிருந்தால் படிவ வணிகம் என்ற ஒன்றே எழுந்திராது.

ஆறு என்ற எண்ணும் அட்டைப்பெட்டித் தொழிலின் கொடையே ஆகும். மதுவிலக்கு நடப்பில் இருந்த 1920 முதல் 1933 வரையான காலத்தில் பீர் ஆலைகள் முடங்கிக் கிடக்க, குளிர்பான நிறுவனங்கள் வீடுகளுக்குச் சரக்கை எடுத்துச் செல்லும் வழிகளைத் தேடின. கோகோ கோலா நிறுவனம் 1923இல் ஆறு பாட்டில்களுக்கான கைப்பிடி அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்தது. மதுவிலக்கு நீங்கிய பின் பீர் குடிக்கும் இடம் விடுதியிலிருந்து வீட்டுக்கும் அதன் குளிர்பதனப் பெட்டிக்கும் மெல்ல நகர்ந்ததால், அதே ஆறு பாட்டில் கட்டு பீருக்கும் வழக்கமாயிற்று. நிரம்பிய பாட்டில் ஒன்று கண்ணாடியையும் சேர்த்து அரைக்கிலோவுக்குச் சற்று மேல் இருக்குமாதலால், ஆறும் சேர்ந்து மூன்றேகால் கிலோவை ஒட்டி வரும். ஒரு கையால் தாராளமாகத் தூக்கத்தக்க பாரம் அது. தோல் தூக்கு இந்த அட்டைப்பெட்டியின் அமைப்பையே, அதாவது இரண்டு வரிசையில் மும்மூன்று அறைகளும் நடுவில் ஓடும் கைப்பிடியும் கொண்ட அமைப்பையே, ஏறக்குறைய மாற்றமின்றி எடுத்துக்கொண்டது. அழியாப் பழமையின் தோற்றம் தரும் இப்பொருளின் முன்மாதிரி, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறிய வந்த அட்டை என்பது இவ்வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று.

இரண்டாவது நிபந்தனையான தோல் பொழுதுபோக்கின் எழுச்சியைப் புரிந்துகொள்ளச் சேணத் தொழிலின் வீழ்ச்சியிலிருந்து தொடங்க வேண்டும். 1915ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவில் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் சேர்ந்து இரண்டரைக் கோடிக்கு மேல் இருந்தன. அவற்றுக்கான சேணமும் வாரும் கடிவாளமும் ஊர்தோறும் இருந்த பட்டறைகளைப் பிழைக்கவைத்தன. அப்பட்டறைகளில் வெட்டுப்படிவம் விற்பனைப்பொருளாக இருக்கவில்லை. தடித்த அட்டையிலோ துத்தநாகத் தகட்டிலோ வெட்டி, ஓரத்தில் துளையிட்டுச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த அவை பட்டறையின் முதலாகவே மதிக்கப்பட்டன. ஆண்டுக்கணக்கில் ஒரு வடிவத்தை வெட்டி, தைத்து, குறை கண்டு, திருத்திச் சேர்த்த அறிவு அவற்றில் அடங்கியிருந்தது. பணியாளர் வழியாகவும் வாரிசு வழியாகவும் அன்றி அது வெளியே போகவில்லை. மோட்டார் வண்டிகளும் உழவு இயந்திரங்களும் பெருகியபோது இப்பட்டறைகள் ஒரு தலைமுறைக்குள் ஆயிரக்கணக்கில் மூடப்பட்டன. எஞ்சியவற்றில் மேற்கு மாநிலங்களின் சேணக்காரர், மெக்சிகோ வழியாக வந்த ஸ்பானிய மரபின் பூவேலைச் செதுக்கலை இடுப்புவார், பணப்பை முதலிய சிறுபொருள்களுக்கு மாற்றி அமைத்துக்கொண்டனர். தோல் வேலையின் பயன்பாடு சுருங்கி அலங்காரம் விரிந்த இந்தத் திருப்பமே பின்னர் பொழுதுபோக்காளருக்கு உரிய களமாயிற்று.

அக்களத்தில் முதலில் இறங்கியவர்கள் நோயாளிகளும் சிறுவர்களுமே. முதல் உலகப்போரை ஒட்டி, காயமுற்ற வீரர்களின் கைத்திறனை மீட்கத் தொழில்வழி மருத்துவம் என்னும் முறை அமெரிக்க மருத்துவமனைகளில் இடம்பெற்றது. கைவேலைகளின் மூலம் உடலையும் மனத்தையும் தேற்றும் அம்முறைக்கான தேசியச் சங்கம் 1917இல் நிறுவப்பட்டது. தோல் வேலைக்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை என்பதாலும் படுக்கையில் அமர்ந்தபடியே செய்யலாம் என்பதாலும் அது அங்கே நிலைத்தது; சாரணர் இயக்கமும் அதைச் சிறுவர்களிடம் கொண்டுசென்றது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மருத்துவமனைகளின் தேவை பன்மடங்காகப் பெருகியபோது, இதில் ஒரு வணிகம் இருப்பதை டெக்சாஸ் மாநிலத்து ஃபோர்ட் வொர்த் நகரின் குடும்பம் ஒன்று கண்டுகொண்டது.

டேவ் டேண்டியும் நார்ட்டன் ஹிங்க்லியும் 1919இல் அந்நகரில் தொடங்கிய நிறுவனம், செருப்பு பழுதுபார்க்கும் கடைகளுக்கு அடித்தோலும் துணைப்பொருள்களும் விற்றுவந்தது. போரின்போது காலணித் தோல் பங்கீட்டுக்கு உட்பட்டு அவ்வணிகம் நெருக்கடிக்கு உள்ளானது. கடற்படையில் பணியாற்றிக்கொண்டிருந்த டேவின் மகன் சார்லஸ் டேண்டி, மருத்துவமனைகளிலும் படைத்தளங்களிலும் தோல் கைவினைக்கு இருந்த ஆர்வத்தைக் கண்டு, அதையே குடும்பத் தொழிலின் அடுத்த வழியாகத் தந்தையிடம் வற்புறுத்தினார். பழைய சரக்கையே நம்பிய ஹிங்க்லி விலகிக்கொள்ள, டேண்டிகள் 1950இல் எல் பாசோ, சான் அன்டோனியோ ஆகிய இரு நகரங்களில் தோல் கைவினைக்கென்றே கடைகள் திறந்ததுடன், எட்டுப் பக்க விலைப்பட்டியல் ஒன்றை அச்சிட்டு அஞ்சல் வழி விற்பனையும் தொடங்கினர். இந்நிறுவனம் 1963இல் ரேடியோ ஷேக் என்னும் மின்னணுப் பொருள் கடைத்தொடரை வாங்கிக் கணினி வணிகத்தில் பெரும்பெயர் பெற்றதும், தோல் பிரிவு 1975இல் தனி நிறுவனமாகப் பிரிக்கப்பட்டதும், அது 2000இல் தி லெதர் ஃபேக்டரி என்னும் போட்டி நிறுவனத்தின் கைக்குச் சென்றதும் தனிக்கதை.

இங்கே முதன்மையாகக் கருதவேண்டியது, டேண்டி கடைகள் தோலை விற்பதற்காகப் படிவத்தை விற்றன என்பதாகும். சேணக்காரர் தம் தொழிலைப் பாதுகாக்கப் படிவத்தை மறைத்தார். தோலும் கருவியும் விற்பவருக்கோ, வாங்குபவர் வீட்டில் அடுத்த பொருளைச் செய்யத் தொடங்கினால்தான் அடுத்த தோல் விற்கும் என்பதால், படிவம் எவ்வளவு பரவுகிறதோ அவ்வளவு நன்மை. எனவே வெட்டித் துளையிட்ட தோல் உறுப்புகளை ஒரு பெட்டியில் அடைத்த தொகுப்புகளும், கோடுகள் புடைத்திருக்கும் நெகிழித் தகட்டை ஈரத்தோலின்மீது வைத்து அழுத்தினால் பூவேலைக் கோடுகள் பதிந்துவிடும் கிராஃப்ட்எய்டு என்னும் அச்சுத் தகடுகளும், செய்முறையையும் வரைபடத்தையும் ஒற்றைத் தாளில் தந்த டூடுல் பேஜ் வெளியீடுகளும், உண்மை அளவுப் படிவங்களை மடித்துச் செருகிய நூல்களும் அடுத்தடுத்து வந்தன. இந்நூல்களின் தலையாய ஆசிரியர் ஆல் ஸ்டோல்மன். 1952இல் வெளிவந்த தோல் செதுக்கல் நூலில் தொடங்கி, 1977இல் கைத்தையல் நூலும், அதன்பின் தோலுறை செய்யும் கலையைப் பற்றிய மூன்று தொகுதிகளும் என அவரும் அவர் மனைவி ஆன் ஸ்டோல்மனும் எழுதியவை இன்றும் இத்துறையின் பாடநூல்களாக இருக்கின்றன. கருவியோ கத்தியோ கேமராவோ, உறையிட வேண்டிய பொருளை அளந்து, தோலின் தடிமனைக் கூட்டி, தையலுக்கு இடம்விட்டுப் படிவம் வரையும் முறையை அவர்கள் படிப்படியாக விளக்கிவிட்டமையால், முன்பு பட்டறைக்குள் இருந்த அறிவு அச்சில் ஏறிப் பொதுவாயிற்று. இன்று பாட்டில் தூக்கு வரைபவர் எவரும் அறிந்தோ அறியாமலோ இந்தக் கணக்கையே பின்பற்றுகிறார்.

படிவத் தாளைத் தனிச்சரக்காக விற்கும் எண்ணம் தோல் துறைக்குப் புதியதாயினும் துணித் துறைக்குப் பழையது. மாசசூசெட்ஸ் மாநிலத்துத் தையற்காரர் எபனேசர் பட்டரிக் 1863இல், ஒரே ஆடையைப் பல அளவுகளில் வெட்டத்தக்க மெல்லிய தாள் படிவங்களை விற்கத் தொடங்கி, தையல் பொறி வைத்திருந்த ஒவ்வொரு வீட்டையும் தம் சந்தையாக்கினார். ஆனால் துணியின் தாராளம் தோலுக்கு இல்லை. துணி இழுத்தால் நெகிழும், தவறினால் பிரித்துத் தைக்கலாம், தடிமனைக் கணக்கிட வேண்டியதில்லை. தோலில் ஒருமுறை இட்ட துளை அழியாது, மடிந்த இடத்தில் தடிமன் முழுவதும் கணக்கில் வரும்.

அந்தக் கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். அமெரிக்கத் தோல் வணிகத்தில் தடிமனை அவுன்சில் சொல்வது மரபு. ஒரு சதுர அடித் தோலின் எடையிலிருந்து பிறந்த இவ்வளவையில் ஓர் அவுன்சு என்பது ஓர் அங்குலத்தின் அறுபத்துநான்கில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர். பாட்டிலைச் சுற்றி விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தைக்கும் உறைக்கு 8 அவுன்சுத் தோல், அதாவது 3.2 மில்லிமீட்டர் தோல், பயன்படுவதாகக் கொண்டால், 61 மில்லிமீட்டர் பாட்டிலின் சுற்றளவான 192 மில்லிமீட்டருக்குத் தோலை வெட்டுபவர் பாட்டிலை உள்ளே நுழைக்கவே முடியாது. வளைந்த தோலில் உட்பக்கம் சுருங்கி வெளிப்பக்கம் விரிய, நடுத்தடிமன் மட்டுமே வெட்டிய நீளத்தில் நிற்குமாதலால், விட்டத்துடன் ஒரு தடிமனைக் கூட்டி 64.2 என்று கொண்டு கணக்கிட்டால் 202 மில்லிமீட்டர் வரும். பாட்டில் எளிதாக ஏறி இறங்க விட்டத்தில் மேலும் 2 மில்லிமீட்டர் இடம் விட்டால் அது 208 ஆகும். முதற்கணக்குக்கும் இறுதிக்கணக்குக்கும் இடையிலான 16 மில்லிமீட்டரே படிவம் வரைபவர் விற்கும் அறிவு என்று சொன்னால் மிகையில்லை. அதைத் தெரிந்துகொள்ள அவர் வீணாக்கிய தோலின் விலையும் அதில் சேர்ந்தே இருக்கிறது.

ஆறு அறைத் தூக்கில் இச்சிக்கல் இன்னும் கூடுகிறது. நீளவாட்டில் ஒன்றும் குறுக்குவாட்டில் இரண்டும் ஆக மூன்று தடுப்புகளையும் பாதி உயரத்துக்கு வெட்டி ஒன்றினுள் ஒன்று செருக வேண்டும். செருகுவாயின் அகலம் தோலின் தடிமனுக்குச் சமமாக இருக்க வேண்டும். ஆனால் ஒரே தோலின் முதுகுப்பகுதியும் வயிற்றுப்பகுதியும் தடிமனில் வேறுபடும். அடித்தளம் அதைவிடப் பெரிய சோதனை. ஓரத் தையலை மட்டும் நம்பிய அடித்தளம் மூன்றேகால் கிலோப் பாரத்தில் நாளடைவில் தொய்ந்துவிடுவதால், தேர்ந்த படிவங்களில் கைப்பிடிப் பட்டை பக்கவாட்டில் நின்றுவிடாமல் அடித்தளத்தின் கீழே முழுச்சுற்றாக ஓடிப் பாரத்தை நேராகக் கைக்கு ஏற்றுகிறது. குளிர்ந்த பாட்டிலில் அரும்பும் நீரும் கணக்கில் வர வேண்டும். இத்தூக்குகளுக்குப் பயன்படும் தாவரப் பதனீட்டுத் தோல் நீரை உறிஞ்சும் இயல்பினது. எண்ணெயும் தேன்மெழுகும் ஏற்றாவிட்டால் அறைகளின் அடியில் வட்டக் கறை படிவது உறுதி. இரும்பு ரிவெட் இட்டாலோ நிலைமை இன்னும் மோசமாகும்: பட்டைச் சாற்றின் துவர்ப்பொருளும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கருநீலக் கறை உண்டாகும். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சிய தமிழருக்கு இந்த வேதியியல் புதிதன்று. செம்பும் பித்தளையும் இத்தூக்குகளில் தவறாமல் இடம்பெறுவதற்கு அழகைவிட இதுவே முதற்காரணம்.

தோல் வகையைப் பற்றி ஒரு சொல் சேர்க்க வேண்டும். தோல் பதனிடும் தொழில் பெரும்பாலும் குரோமியம் உப்புக்கு மாறிவிட்ட நாட்டில், வடிவம் நிற்கும் தடித்த தாவரப் பதனீட்டுத் தோலைத் தருவன செயின்ட் லூயிஸ் நகரில் 1881இல் தொடங்கிய ஹெர்மன் ஓக், 1867இல் கனடாவில் தொடங்கிப் பின்னர் பென்சில்வேனியாவுக்கு இடம்பெயர்ந்த விக்கெட் அண்டு கிரேக் போன்ற விரல்விட்டு எண்ணத்தக்க ஆலைகளே. சென்னையிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலண்டன் சந்தைக்குப் போன ஆவாரம்பட்டைத் தோலும் தாவரப் பதனீட்டு வகையே என்றாலும், அது மெல்லியதாய்க் காலணி மேல்தோலுக்கும் புத்தகக் கட்டுக்கும் உதவியதே ஒழிய இத்தகைய பாரம் தூக்கும் பொருளுக்கு ஏற்றதன்று.

சேணப் பட்டறையும் டேண்டி கடையும் பாட்டில் தூக்கை முன்னிறுத்தாமைக்குக் காரணம் எளிது: அட்டைப்பெட்டி இலவசமாகக் கிடைத்தபோது தோலில் அதைச் செய்ய எவருக்கும் தேவை இருக்கவில்லை. அத்தேவையை உண்டாக்கியது பீரின் மதிப்பில் நேர்ந்த மாற்றம். 1873இல் 4,131 பீர் ஆலைகள் இருந்த நாட்டில், மதுவிலக்கும் பெருநிறுவனங்களின் விழுங்கலும் சேர்ந்து 1970களின் இறுதியில் நூற்றுக்கும் குறைவானவையே எஞ்சின. பெரும்பாலானவை ஒரே சுவையில் மலிவுச் சரக்கை வடித்தன. வீட்டில் சிறிதளவு பீர் காய்ச்சுவதை வரிவிலக்குடன் அனுமதிக்கும் சட்டத்தில் 1978 அக்டோபரில் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டார். வீட்டில் காய்ச்சியவர்கள், வாங்கிக் குடித்த நீள்கழுத்துப் பாட்டில்களையே கழுவி நிரப்பி, சுவை பார்க்க நண்பர்களின் கூட்டங்களுக்கு எடுத்துச் சென்றனர். கடையின் அட்டைப்பெட்டி அவர்களிடம் நெடுநாள் தாங்கவில்லை, நிலையான தூக்கு ஒன்றுக்கு முதன்முதலாக அங்கே காரணம் பிறந்தது. சியரா நெவாடா முதலிய சிறு ஆலைகள் 1980 முதல் பெருகி, 2015இன் இறுதியில் ஆலைகளின் எண்ணிக்கை 1873இன் அளவைத் தாண்டியது. குடிப்பவர் ஆலையின் பெயரையும் பாட்டிலின் சீட்டையும் பெருமையாகக் காட்டத் தொடங்கியபோது, அதை ஏந்திச் செல்லும் கலமும் கண்ணில் படவேண்டிய பொருளாயிற்று. மிதிவண்டியின் சட்டத்தில் மாட்டும் தூக்கும், ஏறக்குறைய 1.9 லிட்டர் கொள்ளும் குரௌலர் குடுவைக்கான தோள்வாரும், துப்பாக்கி உறையைக் கேலிசெய்யும் இடுப்பு உறையும் இந்தக் காலத்துக் கண்டுபிடிப்புகளே. கடைசியாகச் சொன்னதைக் கைவினை என்பதைவிடக் குறும்பு என்பதே பொருந்தும். ஆயினும் பரிசுப்பொருளாக அதற்கு வரவேற்பு உண்டு.

மூன்றாவது நிபந்தனையான படிவ விற்பனை, இணையத்தால் முழுவடிவம் பெற்றது. பக்க அமைப்பை எக்கணினியிலும் மாறாமல் காட்டும் பி.டி.எஃப். கோப்புமுறை 1993இல் வந்தது. கைவினைப் பொருள்களுக்கென எட்சி என்னும் இணையச் சந்தை 2005இல் நியூயார்க்கின் புரூக்ளினில் தொடங்கியது. கோப்பாக விற்கும் படிவத்துக்கு அச்சுச்செலவும் அஞ்சல்செலவும் இருப்புச்செலவும் இல்லை. ஒருமுறை வரைந்ததைச் சில டாலர் விலையில் எத்தனை முறையும் விற்கலாம். தோல் விற்பவரின் ஆதரவில்லாமல் படிவம் வரைபவர் தனித்து நிற்க முடிந்தது இதனால்தான். சந்தைக்குச் செலுத்தும் கட்டணம் மட்டும் கூடிக்கொண்டே வந்திருக்கிறது: எட்சி விற்பனைத் தொகையில் எடுத்துக்கொண்ட 3.5 விழுக்காடு 2018இல் 5 ஆகவும் 2022இல் 6.5 ஆகவும் உயர்ந்தது.

கோப்பு விற்பனை ஒரு புதிய பிழைக்கும் வழிவைத்தது. அமெரிக்கர் அச்சிடும் லெட்டர் தாள் 216க்கு 279 மில்லிமீட்டர். உலகின் பெரும்பாலான பிற பகுதிகளில் வழங்கும் ஏ4 தாள் 210க்கு 297. லெட்டர் தாளுக்கு வரைந்த படிவத்தை ஏ4 தாளில் பொருந்துமாறு சுருக்கி அச்சிட்டால், கணினி சத்தமில்லாமல் அதை ஏறக்குறைய 3 விழுக்காடு குறைத்துவிடும். மேலே கண்ட 208 மில்லிமீட்டர் உறை 202 ஆகி, விட்டிருந்த இடைவெளி முழுவதும் மறைந்து பாட்டில் இறுகிக்கொள்ளும். இதைத் தடுக்கவே ஒவ்வொரு படிவத்திலும் ஓர் அங்குலச் சதுரம் ஒன்றை வரைந்து, அளவுகோலால் அதைச் சரிபார்த்த பின்னரே வெட்டத் தொடங்குமாறு விற்பவர் எழுதிவைக்கின்றனர். ஆறு அறைத் தூக்கின் சுற்றுச்சுவர் 640 மில்லிமீட்டரைத் தாண்டுவதால் அதற்கு மூன்று தாள்களை ஒட்ட வேண்டியிருப்பதும், ஒவ்வோர் ஒட்டிலும் அரை மில்லிமீட்டர் தவறினாலும் துளைகள் எதிரெதிர் பொருந்தாமல் போவதும் இத்தொழிலின் நிரந்தரத் தொல்லைகள். லேசர் வெட்டுப்பொறி வைத்திருப்பவர்களுக்காகத் தாளைத் தவிர்த்து வெக்டர் கோப்பாகவே விற்கும் வழக்கம் இதனாலும் வளர்ந்தது.

உரிமை பற்றிய நிலை இன்றும் தெளிவாக இல்லை என்று விற்பவர் பலர் கருதினாலும், அமெரிக்கச் சட்டத்தின் போக்கு நெடுங்காலமாக ஒரே திசையில்தான் இருக்கிறது. கணக்கெழுதும் முறை ஒன்றைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1879இல், ஒரு முறையை விளக்கும் நூலுக்குப் பதிப்புரிமை உண்டு, ஆனால் அம்முறையைப் பயன்படுத்துவதை அந்த உரிமை தடுக்காது என்று தீர்ப்பளித்தது. பயன்பாட்டுப் பொருளின் வடிவத்துக்குப் பதிப்புரிமையின் காப்பு மிகக் குறுகியது என்பதை 1976ஆம் ஆண்டுச் சட்டமும் வரையறுத்தது. இதன்படி படிவக் கோப்பை நகலெடுத்துப் பரப்புவது குற்றமாகலாம். ஆனால் அதைக்கொண்டு தூக்கு செய்து விற்பதைப் பதிப்புரிமையை மட்டும் கொண்டு தடுப்பது கடினம். பெரும்பாலான விற்பனையாளர், கையால் செய்த பொருளை விற்கலாம், படிவத்தை விற்கவோ பகிரவோ கூடாது என்று தாமாகவே நிபந்தனை எழுதுகின்றனர். சட்டம் ஏற்கெனவே விட்டுக்கொடுத்ததைப் பெருந்தன்மையாக வழங்கும் இந்த நிபந்தனை நடைமுறையில் நன்றாகவே இயங்குகிறது. செய்து விற்பவர்களே படிவத்தின் முதன்மை வாடிக்கையாளர்கள் ஆகையால் அவர்களைப் பகைத்துக்கொள்ள எவரும் விரும்புவதில்லை.

அண்மைக்காலமாகச் சிறு ஆலைகளும் பாட்டிலை விட்டு அலுமினியக் குவளைக்கு, அதாவது கேனுக்கு, மாறிவருவதால், வெட்டுப்படிவங்களையும் மறுபடி வரைய வேண்டியதாகியிருக்கிறது. 66 மில்லிமீட்டர் விட்டமுள்ள வழக்கமான குவளை 61 மில்லிமீட்டர் பாட்டிலுக்கு வரைந்த அறையில் நுழையாது. 12 அவுன்சுக் குவளையும் 16 அவுன்சுக் குவளையும் ஒரே விட்டமாதலால் சுவரின் உயரத்தை மட்டும் கூட்டினால் போதும். இந்தியச் சந்தையில் பெருவழக்காயுள்ள 650 மில்லிலிட்டர் பாட்டிலுக்கு அமெரிக்கப் படிவம் எதுவும் நேராகப் பொருந்துவதில்லை. அத்தகைய படிவத்தை வாங்குபவர் தாளை மொத்தமாகப் பெரிதாக்கி அச்சிடக் கூடாது. அப்படிச் செய்தால் ரிவெட் துளைகளும் செருகுவாய்களும் சேர்ந்து பெரிதாகும், தோலின் தடிமனோ பழைய அளவிலேயே நிற்கும். தம் பாட்டிலின் விட்டத்தை அளந்து, அதனுடன் தோலின் தடிமனையும் 2 மில்லிமீட்டர் இடைவெளியையும் கூட்டி, உறையின் நீளத்தையும் அறைகளின் அகலத்தையும் புதிதாகக் கணக்கிட்டுக்கொள்வதே சரியான முறை.